புதன்கிழமை சாயந்திரத்து ஊசி

ஒம்பது ஊசியும் போட்டீங்களா மதினின்னு யாரைப் பாத்துக் கேக்குற நீ? சர்க்கரை வியாதிக்காரரைக் கட்டிக்கிட்டு, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு எட்டு வருஷம் அந்த மனுஷனுக்கு இன்சுலின் போட்டுவிட்ட கை இது. வயித்துச் சதைய ரெண்டு விரலால கிள்ளிப் புடிச்சு, நேராக் குத்தி, பத்து எண்ணிட்டுத்தான் ஊசிய வெளிய எடுக்கணும்னு இந்த ஆஸ்பத்திரி நர்சுகளுக்கே நான் பாடம் எடுப்பேன். என்கிட்ட வந்து கேக்குற? போட்டேன், ஒம்பதும் போட்டேன், போயி வெளிய உக்காருன்னு சொன்னேன். போயிட்டா. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில உக்காந்து போன நோண்டிக்கிட்டு இருக்கா மங்கையர்க்கரசி, என் தம்பி பொண்டாட்டி. வாயத் தான் மூடிக்கிட்டேன், மனசு மூடுமா? அங்க இருந்தாலும் உனக்குத்தான் சொல்றேன் மங்கை, உன் காதுல விழாட்டிப் போ. மணி பத்தே கால் ஆவுது. ரெண்டு மணி வரைக்கும் இந்தச் சாய்வு நாற்காலியில அசையாமக் கெடக்கணும். இடது கையில சைக்கிள் ஆரக்கால் தண்டிக்கு ஒரு ஊசி, மடக்கக்கூடாது. அது வழியா ரத்தம் போயி, பக்கத்துல பீரோ கணக்கா நிக்கிற மிஷினுக்குள்ள சுத்தி, வேணுங்கறத வடிகட்டி எடுத்துக்கிட்டு, மிச்சம் வலது கை வழியாத் திரும்ப என் உடம்புக்கே வருது. மேல ஒரு பை தொங்குது. அதுல தான் சேருது, தக்காளி ரசம் மாதிரி, அடியில ஒரு விரக்கடை. அம்புட்டுத்தான். நேத்தும் இப்படித்தான் நாலு மணி நேரம் கெடந்தேன். நாலு பங்கு வேணுமாம், நேத்து வந்தது ஒண்ணரைப் பங்கு தான்னுட்டாங்க. அதுல இருந்து தான் இவளுக்கு சந்தேகம். ஆறாவது மாடியில கண்ணாடி ரூமுக்குள்ள கெடக்கான் என் தம்பி திருஞானம், ரத்தப் புத்துநோய். அவன் மஜ்ஜைய மருந்து குடுத்து அடியோட எரிச்சுட்டாங்க. கெட்ட அணு மட்டும் போகாதாம், நல்லதும் சேர்ந்து தான் போகுமாம். இப்ப அவன் எலும்புக்குள்ள ஒண்ணுமே இல்ல. என்கிட்ட இருந்து எடுத்துப் போடறது மொளைச்சாத்தான் அவன் ஆளு. அக்கா தம்பிக்கு மஜ்ஜை பத்துக்குப் பத்தும் பொருந்திருச்சுன்னு சொன்னப்ப டாக்டருங்க அம்புட்டு சந்தோஷப்பட்டாங்க. நான் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். வேற எதுல பொருந்துச்சு எங்களுக்கு?

மூக்கு அரிக்குது. வலது கைய லேசாத் தூக்கலாம்னு சொல்லியிருக்கா ஜெபசீலி, ஆனா தூக்கினா மிஷின் கீ கீன்னு கத்துது. ஜெபசீலி இந்த மிஷினப் பாத்துக்கிற பொண்ணு, நாசரேத்துப் பக்கம். வந்த நிமிஷத்துல இருந்து பாட்டிம்மா பாட்டிம்மான்னு கூப்புடுது. அம்பத்தெட்டு வயசுல ரெண்டு பேரன் இருக்கறது என் குத்தமா, என் மகன் இருபத்தொரு வயசுல காதலிச்ச குத்தம். அதுக்குன்னு பாட்டிம்மாவா? "உதடு விறுவிறுங்குதா பாட்டிம்மா, சொல்லுங்க, சுண்ணாம்புச் சத்து மாத்திரை தாரேன்"னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ. ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து கலக்குறாங்களாம், அது உடம்புல இருக்கற சுண்ணாம்பப் புடிச்சுக்குமாம், அதான் உதட்டுல எறும்பு ஊர்ற மாதிரி. ஊரட்டும். எலும்பு வலிக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு வலியா. முத ஊசி போட்ட மறுநாளே இடுப்பெலும்புல ஆரம்பிச்சுது. அப்புறம் நெஞ்செலும்பு, அப்புறம் தொடை, உள்ளுக்குள்ள ஆளு உக்காந்து உலக்கை போடற மாதிரி. மஜ்ஜைக்குள்ள எடம் பத்தாம அணு பெருகுதும்மா, அதான் வலி, வலிச்சா வேலை நடக்குதுன்னு அர்த்தம்னாரு டாக்டர் இளம்பரிதி. என் மகன் வயசு தான். முத நாள் ஒரு பேப்பர்ல படம் போட்டுக் காமிச்சாரு. மஜ்ஜைக்குள்ள கூடு மாதிரி சின்னச் சின்ன எடம், அதுல விதை அணுன்னு ஒண்ணு உக்காந்திருக்கும், ரத்தத்துல ஓடற அத்தனையும் அது பெத்தது தான். சுத்தி இருக்கிற அணுவெல்லாம் "இங்கயே இரு, இங்கயே இரு"ன்னு ஒரு பொருளச் சுரந்துக்கிட்டே இருக்கும். அது தான் அதுக்கு சேதி. சிவப்பணு பத்தலைன்னா கிட்னியில இருந்து ஒரு சேதி போகும். கிருமி புகுந்துருச்சு, வெள்ளையணுவ அனுப்புன்னா அதுக்கு இன்னொரு சேதி. அந்தச் சேதியத் தான் ஊசி மருந்தா செஞ்சு வச்சிருக்கோம், அத நிறையப் போட்டா உள்ள ஒரே அமளி ஆகி, கட்டிப் புடிச்சிருந்த புடியெல்லாம் அறுந்து, விதை அணுவும் வெள்ளையணுவோட சேர்ந்து ரத்தத்துக்கு ஓடியாந்துரும், நாங்க புடிச்சுக்குவோம்னாரு. அப்ப எனக்குக் காய்ச்சலே இல்ல, ஆனா மஜ்ஜைகிட்ட காய்ச்சல்னு சொல்லப் போறீங்கன்னேன். ஆமாம்மான்னாரு. பொய்த் தந்தின்னேன். சிரிச்சாரு, தந்திய அவரு எங்க பாத்திருக்கப் போறாரு.

எங்க சித்தப்பா குமரேசன் பாத்திருக்காரு. கரக்பூர்ல ரயில்வே வேலை, கல்யாணமே வேண்டாம்னு லீவுக்கும் ஊருக்கு வராம இருந்தாரு. எங்க தாத்தா என்ன செஞ்சாரு, அருப்புக்கோட்டை தபாலாபீசுக்குப் போயி, அம்மா சீரியஸ் உடனே கிளம்புன்னு ஒரு தந்தி. மூணு நாள் ரயில்ல சோறு தண்ணி இல்லாம, பஸ் ஸ்டாண்டுல இருந்தே அழுதுக்கிட்டு ஓடியாந்தாரு மனுஷன். வாசல்ல பந்தல் போட்டிருக்கு. சாவுப் பந்தல்னு நெனச்சு மண்ணுல விழுந்து பொரண்டாரு. உள்ள இருந்து வாராங்க எங்க அப்பத்தா, கை நெறைய அதிரச மாவு, "ஏம்ப்பா இப்படி எளைச்சுப் போயிட்டே"ன்னுக்கிட்டு. மறுநாள் கல்யாணம். நானும் அப்ப அந்தப் பந்தல்ல தான் ஆடிக்கிட்டு இருந்தேன், ஆறு வயசு, திருஞானம் ரெண்டு வயசு, என் இடுப்புல. சித்தப்பா தாலியக் கட்டிட்டு, அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசாம ரயில் ஏறினவரு தான். பதினோரு வருஷம் கழிச்சு அப்பத்தா நெசமாவே செத்தாங்க, தந்தி போச்சு. வரல. பொய்யின்னு நெனச்சுட்டேன்னு பின்னாடி வந்து தலையில தலையில அடிச்சுக்கிட்டாரு. அவரக் கூட நான் மன்னிச்சுருவேன் மங்கை. அவருக்கு ஒரு நாயம் இருந்துச்சு. உன் புருஷனுக்கு என்ன நாயம்? எங்க வீட்டுக்காரரு போயிட்டாருன்னு உங்களுக்குத் தந்தியா போச்சு? என் மகன் போன்ல சொன்னான், திருஞானம் தன் காதால கேட்டான், "ஐயையோ மச்சானா"ன்னு அழுதான். அழுதுட்டு? மார்ச் மாசம், பன்னெண்டாம் வகுப்புப் பரீட்சை, நான் தலைமைக் கண்காணிப்பாளர், சென்டர விட்டு நகர முடியாதுன்னான். செத்த அன்னைக்கும் வரல. சரி, அரசாங்க வேலைன்னு விட்டுத் தொலைச்சேன். பதினாறாம் நாள் கருமாதிக்கும் வரலையே. கண்ணு கெடையாது வாய் கெடையாது, மஜ்ஜைக்குள்ள தூங்குற அணு, அதுக்கு ஒரு பொய்ச் சேதி சொன்னா எழுந்து ஓடியாருது. எம்மெஸ்ஸி கணக்கு படிச்சவன் நெசச் சேதிக்கு வரல.

பொறந்த வீட்டுக் கோடின்னா என்னன்னு உனக்குத் தெரியாதா, உனக்கும் அண்ணன் தம்பி மூணு பேரு இருக்காங்கள்ல. கருமாதியன்னைக்கு அத்தன பேரு முன்னாடி, புருஷன எழந்தவ தலையில கூடப்பொறந்தவன் புதுச்சேலைய எடுத்துப் போடணும். அதுக்கு அர்த்தம் சேலை இல்லடி. இவளுக்கு நான் இருக்கேன்னு ஊருக்குச் சொல்றது. நான் உக்காந்திருக்கேன், நடு வீட்டுல, மனையில. பொறந்த வீட்டுக்காரங்க வாங்கன்னு ஐயரு கூப்புட்டாரு. ஒருத்தரும் எந்திரிக்கல. ரெண்டாந்தரம் கூப்புட்டாரு. என் நாத்தனா வேணும்னே ஒரு இருமல் இருமினா பாரு, அந்த இருமல் பதினோரு வருஷமா என் காதுல கெடக்கு. மூணாந்தரம் கூப்புட்டப்ப எங்க பெரியப்பா மகன் வடிவேலண்ணன், பந்தி பரிமாற வந்த மனுஷன், சாம்பார் வாளிய கீழ வச்சுட்டு வந்து, தன் தோள்ல கெடந்த துண்ட எடுத்து என் மேல போட்டாரு. சாம்பார் வாசன அடிச்ச துண்டு. ஆம்பளத் துண்டு. அது தான் எனக்குக் கோடி. அப்புறம் பத்தொம்பதாம் நாளு, வாசல்ல கூரியர்க்காரரு. பிளாஸ்டிக் கவருக்குள்ள ஒரு வெளிர் நீலச் சேலை, அனுப்புநர் இரா. திருஞானம். கோடிய கூரியர்ல அனுப்பின தம்பி உலகத்துலயே என் தம்பி ஒருத்தனாத்தான் இருப்பான். அது இப்பவும் எங்க வீட்டுல கிரைண்டருக்கு மேல தான் போத்திக் கெடக்கு, தூசி படாம. எதுக்கு சொல்றேன்னா, சீரு அனுப்புறது இப்ப என் முறை. அவனுக்கு பி பாசிட்டிவ், எனக்கு ஓ பாசிட்டிவ். இது மொளைச்சு வளர்ந்துருச்சுன்னா கொஞ்ச மாசத்துல அவன் ரத்தமே ஓ பாசிட்டிவா மாறிருமாம். இனி திருஞானத்தக் கொசு கடிச்சாலும் அது குடிக்கிறது என் ரத்தத்தத் தான். ஷேவ் பண்ணும்போது பிளேடு பட்டா வாரது நான். நெனச்சுக்கட்டும், ஒவ்வொரு தடவையும் நெனச்சுக்கட்டும். நான் கூரியர்ல அனுப்பல தம்பி, பஸ் ஏறி நேர்ல வந்து, கைய நீட்டிக் கெடக்கேன்.

ஜெபசீலி ஒரு ரப்பர் பந்தக் குடுத்து அமுக்கச் சொன்னா. அமுக்குறேன். ஒண்ணு, ரெண்டு. திங்கக்கிழமை காலையில ஆஸ்பத்திரியில போட்டாங்க, ஒண்ணு. சாயந்திரம் உன் வீட்டுல, பின்கட்டு ரூம்ல, நானே போட்டுக்கிட்டேன், ரெண்டு. வெயில்ல அலைய வேண்டாம், என் கை இன்சுலின் போட்ட கைன்னு நான் தான சொன்னேன், ஃபிரிட்ஜுல வச்சுக்கச் சொல்லிக் குடுத்துவிட்டாங்க. செவ்வாக்கிழமை காலையில மூணு, சாயந்திரம் நாலு. புதன்கிழமை காலையில அஞ்சு. வியாழக்கிழமை காலையில... அந்த டிவிய நிறுத்தச் சொல்லு யாராவது, எவளோ பன்னீர வச்சு பொடிமாஸ் செய்யறா, பன்னீருல என்னடி பொடிமாஸு. கண்ணாடிக்கு அங்கிட்டு மங்கை கண்ணத் தொடைக்கிறா. அழுறாளா, சிரிக்கிறாளா, போன்ல எதப் பாத்துத் தொலைச்சாளோ. மேல அந்த ரூமுல இருந்து திருஞானம் வீடியோ கால்ல தான் முகம் காட்டறான். நேத்துக் காமிச்சா. தலையில ஒத்த முடி இல்ல, புருவம் இல்ல, ரெண்டு வயசுல மொட்டை போட்டு என் இடுப்புல உக்காந்திருந்தப்ப இருந்த அதே மண்டை, காதுக்கு மேல அதே பள்ளம். "அக்கா"ன்னான். வாயெல்லாம் புண்ணு, அதுக்கு மேல வார்த்த வரல. வெள்ளையணு சைபராம். ஒரு தும்மல் போதும்கறாங்க.

பதினொன்னரைக்கு டாக்டர் இளம்பரிதி வந்தாரு. பின்னாடியே மங்கையும் நுழையப் பாத்தா, ஜெபசீலி தடுத்துட்டா. பையத் தட்டிப் பாத்தாரு, மிஷின்ல என்னமோ பாத்தாரு, ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாரு. டாக்டர் ஸ்டூல்ல உக்காந்தா நல்ல சேதி கெடையாது, எனக்குத் தெரியும், எங்க வீட்டுக்காரரு விஷயத்துல பாத்துட்டேன். "அம்மா, இன்னைக்கும் கம்மியாத்தான் வரும்போல. ஒம்பது ஊசியும் முழுசாப் போட்டும் இவ்வளவு தான்னா, உங்க மஜ்ஜை இந்த மருந்துக்குச் சரியாக் கேக்கலன்னு அர்த்தம். வயசு, சில பேரு உடம்பு அப்படி. அப்ப மேல மேல உங்கள வருத்திப் பிரயோஜனமில்ல, வேற யாராவது கெடைக்கிறாங்களான்னு தான் நான் பாக்கணும். ஆனா உங்க தம்பிக்கு அவ்வளவு நாள் இல்ல"ன்னாரு. அப்புறம் சொன்னாரு, "ஒரு ஊசி, ரெண்டு ஊசி விட்டுப் போயிருந்தா அது வேற கணக்கு. உங்க மஜ்ஜை நல்லாத்தான் இருக்குன்னு எடுத்துக்கிட்டு, இன்னும் ரெண்டு வேளை இதே ஊசியப் போட்டு, கூடவே இன்னொரு மருந்தும் குடுத்து நாளைக்கு எடுப்பேன். அது 'இங்கயே இரு'ங்கற சேதி விதை அணு காதுல விழாம அடைச்சுரும். நாளைக்குத் தேவையானது வந்துரும்னு நம்பலாம். ஞாபகப்படுத்திச் சொல்லுங்கம்மா, எதாவது விட்டுப்போச்சா? சொன்னா நான் திட்ட மாட்டேன்." போட்டேன்னு சொல்லிட்டேன். நாக்கு தானாச் சொல்லிருச்சு. "சரி, எதுக்கும் அந்த மருந்துக்கான சம்மதப் பேப்பர உங்க தம்பி வீட்டம்மா கிட்ட குடுத்து வைக்கிறேன், ரெண்டு மணிக்குள்ள யோசிச்சு முடிவு பண்ணலாம்"னுட்டுப் போயிட்டாரு.

என் மஜ்ஜை கேக்கலையா? என் எலும்பா கேக்கல? மூணு நாளு கட்டில்ல பொரளக்கூட முடியாம உலக்கை குத்துன எலும்பு, போடாப் போடான்னு தொரத்துனதும் மூட்டையக் கட்டிக்கிட்டுக் கிளம்புன எலும்பு, அதப் போயி கேக்கலன்னு எழுதிட்டுப் போறாரு அந்த ஃபைல்ல. செத்துப் போன எங்கம்மா எலும்பு இது. எழுபத்தாறு வயசுல குடத்தோட வழுக்கி விழுந்தும் ஒடையாத எலும்பு. ஆமாடி. போடல. புதன்கிழமை சாயந்திரம், ஃபிரிட்ஜுல இருந்து எடுத்து, கைக்குள்ள வச்சு சூடேத்தி, மூடியக் கழட்டி, வயித்தக் கிள்ளிப் புடிச்சாச்சு. நீ அந்தப் பக்கம் அடுப்படியில உங்கக்காகிட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்த. "இல்லக்கா, மதினி நல்லாத்தான் இருக்காங்க. அந்தப் பழசெல்லாம் மறந்திருப்பாங்க. நாம தான் அப்பவே கோடிய முறையா அனுப்பிட்டோமே"ன்ன. முறையா. எங்க கேட்டேன் நான் அந்த வார்த்தைய, இங்க, வயித்துல கேட்டேன். கிள்ளின சதைய விட்டேன். வாஷ்பேசின்ல ஊசிய நீட்டி ஒரே அமுக்கு. தண்ணி மாதிரி தான் இருந்துச்சு, ரெண்டு சொட்டு கண்ணாடியில தெறிச்சுது, குழாயத் தொறந்துவிட்டேன். அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா? பதினோரு வருஷத்துல அப்படி ஒரு மூச்சு விட்டதில்ல நான். மறுநாள் காலையில எலும்பு வலி கொறஞ்சிருந்துச்சு. அப்ப தான் பயந்தேன். வலி வேணும் வலி வேணும்னு அன்னைக்கு முழுக்க இடுப்ப அமுக்கி அமுக்கிப் பாத்தேன், கிறுக்கி மாதிரி. சொல்லியிருக்கலாம் அன்னைக்கே. சொன்னா நீ என்ன சொல்லுவ? ஒரு சேலைக்காகத் தம்பியக் கொல்லப் பாத்தான்னு சொல்லுவ. உங்கக்காகிட்ட சொல்லுவ, அவ ஊருக்கெல்லாம் சொல்லுவா. சொல்லுங்க. நாலு ஜென்மத்துக்குச் சொல்லுங்க. இப்ப வாய மூடிக்கிட்டு நான் இப்படியே எந்திரிச்சுப் போயிட்டா யாருக்கும் தெரியப் போறதில்ல. கெழவி ஒடம்பு கேக்கல, பாவம், என்ன பண்ணுவான்னு எனக்குக் காப்பி கூட போட்டுக் குடுப்ப. அங்க மேல அந்தப் பள்ளம் விழுந்த மண்டை... வேணாம். உன் பரிதாபக் காப்பி எனக்கு வேணாம்.

"ஜெபசீலி."

"உதடு விறுவிறுங்குதா பாட்டிம்மா?"

"எட்டு தான்."

"எது எட்டு?"

"ஊசி. ஒம்பது இல்ல, எட்டு. புதன்கிழமை சாயந்திரம் போடல. என் எலும்புல ஒரு கொறையும் இல்ல, நீ டாக்டருக்குப் போன் போட்டு அதச் சொல்லு. மறந்துட்டாங்கன்னு சொல்லாத. மறக்கல, போடலன்னு சொல்லு."

அந்தப் புள்ளைக்கு முழி பிதுங்குது. மிஷினப் பாக்குது, என்னையப் பாக்குது, கதவப் பாக்குது. "அவங்ககிட்ட நான் எப்படி பாட்டிம்மா..."

"அவகிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அத நான் சொல்லிக்கிறேன். ஏன் போடலன்னும் சேத்து சொல்லிக்கிறேன், கருமாதியில இருந்து ஆரம்பிச்சு. ரெண்டு மணி வரைக்கும் நானும் இங்க தான் கெடக்கப் போறேன், அவளும் எங்கயும் போக முடியாது. நீ அந்தக் கதவ மட்டும் தொற."

தொறந்துட்டா. இடுப்பெலும்பு விண்ணு விண்ணுங்குது. குத்து, நல்லாக் குத்து.

"ஏ மங்கை! ஏய், மங்கையர்க்கரசி! அந்தப் போன கீழ வையி. டாக்டர் குடுத்தாருல்ல, அந்தப் பேப்பர எடுத்துக்கிட்டு உள்ள வா."